புரட்டாசியில் இடும் விதை

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இம்மேடையில் நின்று பேசுவோர் பெரும்பாலும் பெரிய பொருள்களைப் பற்றியே பேசிச் செல்வர். இன்று எமக்கு வாய்த்த பொருளோ கத்தரியும் வெண்டியும் கீரையும். ஆயினும் நாள் தவறாது எம் கறிச்சட்டிக்குள் வந்து சேரும் பொருள் இதுவே. ஆதலின் சிறிது நேரம் செவிசாய்க்குமாறு வேண்டிக் கொள்கிறோம்.

நவராத்திரி வந்தால் எமது வீடுகளிற் கும்பம் வைப்பதை யாவரும் அறிவோம். கும்பத்தைச் சுற்றி மண் பரப்பி, நவதானியம் தூவி, நாள்தோறும் நீர் தெளித்து வருவோம். இரண்டு மூன்று நாளில் முளை எட்டிப் பார்க்கும். ஒன்பது நாள் நிறைவதற்குள் பச்சைப் பசேலென்று பயிர் நிற்கும். வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கு அதுவே முதல் விதைப்பு. "பயறு முந்தி முளைத்து விட்டது, நெல்லு ஏன் பிந்துகிறது?" என்று அப்பிள்ளை கேட்குமானால், அதுவே பயிர்த்தொழிலில் முதற் பாடம். இவ்வழக்கத்தின் உட்பொருளைப் பெரியோர் பலவாறு விளக்குவர். அவற்றுள் நாம் புகவில்லை. வீட்டுக்குள்ளே முளை தோன்றும் அந்நாட்களில், வெளியே வளவிலும் விதை மண்ணுக்குள் இருத்தல் வேண்டும் என்பதை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகிறோம்.

மேல்நாட்டு நூல்கள் இப்பருவத்தை இலையுதிர்காலம் என்று கூறும். அங்கே அது அறுவடையை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, குளிருக்கு அஞ்சி நிலத்தை மூடும் காலம். எமது யாழ்ப்பாணத்தில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஆவணி வரை காய்ந்து கிடந்த செம்மண், புரட்டாசியிற் சில தூறல்களைக் கண்டு, ஐப்பசி கார்த்திகையிற் பெருமழை பெற்று, மார்கழி வரை நனைந்திருக்கும். ஆண்டு முழுவதிலும் எமக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிற் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு இம்மூன்று மாதங்களிலேயே பெய்து விடுகிறது. எமக்கு வற்றாத ஆறு இல்லை. மழையைத் தடுத்து நிறுத்த மலையும் இல்லை. பெய்த நீர் மண்ணுக்குள் இறங்கி, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலே தங்கி, அடியிலுள்ள உவர்நீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. அதனையே நாம் கிணறு வெட்டி மொள்ளுகிறோம், குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம்.

ஆகவே ஆண்டின் பெரும்பகுதியிலே தோட்டத்துக்கு நீர் கொடுப்பது கிணறு. இம்மூன்று மாதம் மாத்திரம் கொடுப்பது வானம். கிணறு ஓய்ந்து தன்னை நிரப்பிக் கொள்ளும் காலத்தில், வீட்டுக் கறிக்கு வேண்டியவற்றை நாம் வானத்து நீரிலேயே விளைவித்துக் கொள்ளலாம். அதற்கு முதலாக வேண்டியது பணமன்று, நாள் தவறாமை. இதுவே இன்று நாம் கூற எழுந்த செய்தி.

இதனை நாம் நூலிலிருந்து கற்கவில்லை, பட்டே கற்றோம். சென்ற ஆண்டு எமது சங்கக் கட்டடத்தின் கோடிப்புறத்தில் இளைஞர்கள் கூடித் தோட்டம் செய்ததை உங்களிற் பலர் அறிவீர்கள். ஊக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் மண்வெட்டி எடுத்ததே தீபாவளி கழிந்த பின்னர்தான். நிலத்தைச் சமதளமாகக் கொத்தினோம். சந்தையில் வாங்கிய நாற்றை நெருக்கி நெருக்கி நட்டோம். விரைவிலே வளரட்டும் என்று யூரியாவைக் கைநிறைய அள்ளி எறிந்தோம். நான்காம் நாள் மழை தொடங்கிற்று. மூன்று நாள் விடாது பெய்தது. கத்தரி நாற்றுக்கள் அடி கறுத்துச் சாய்ந்தன. வெண்டி விதை முளைக்காமலே அழுகிற்று. இருபத்தைந்து அடி நீளமான நிலத்தில் எஞ்சியவை ஆறு மிளகாய்க் கன்றுகள். வேலிக்கு அப்பால் நின்று பார்த்த ஆச்சி ஒருவர், "தம்பிமார், மழைக்கு முன்னம் நடோணும்; மழைக்குள்ளை நட்டால் நாத்து நீந்துமோ?" என்று கேட்டார். நாம் சிரித்தோம், ஆனால் விடை சொல்ல எம்மால் முடியவில்லை.

அன்று நாம் செய்த பிழைகள் மூன்று. நாளைத் தவற விட்டோம். பாத்தியை உயர்த்தாது விட்டோம். மழைக்கு முன்னே பசளையை எறிந்தோம். முதல் இரண்டினாலும் கெட்டது பயிர். மூன்றாவதனாலே கெட்டது கிணறு. அதனைப் பின்னர்க் கூறுவோம். முதலில் நாள் ஒழுங்கைப் பார்ப்போம்.

பண்டிகைகள் சந்திரனைப் பற்றி ஆண்டுக்கு ஆண்டு முன்பின்னாக வரும். ஆதலால் விதைப்புக்குத் தமிழ் மாதப் பிறப்பையே கணக்கிற் கொள்க. புரட்டாசி பிறப்பது செப்டெம்பர் நடுப்பகுதியில். அந்த வாரத்திலேயே இரண்டு வேலைகளைத் தொடங்க வேண்டும். ஒன்று நாற்றுமேடை, மற்றொன்று நிலம் பண்படுத்தல்.

கத்தரி, மிளகாய், தக்காளி ஆகிய மூன்றும் நாற்று மேடையில் வளர்த்து நடற்பாலன. வீட்டுத் தேவைக்கு மூன்றடி நீளம் மூன்றடி அகலமுள்ள மேடை போதும். அரையடி உயர்த்தி, மண்ணைப் பொடியாக்கி, உக்கிய எருவைக் கலந்து மட்டஞ் செய்க. அதன்மேல் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தல் நல்ல வழக்கம். மேல்மண்ணில் உறையும் பூஞ்சணங்களும் களை விதைகளும் அவ்வெப்பத்தில் அழியும். சூடு ஆறிய பின், நான்கு ஐந்து அங்குலத்துக்கு ஒரு கோடு கீறி, விதையை ஐதாக இட்டு, மெல்லிய மண்ணால் மூடுக. நெருக்கமாக விதைத்தலே நாற்றழுகலுக்குப் பாதி காரணம். முளைக்கும் வரை வைக்கோல் மூடியிருக்கலாம். முளை கண்டதும் எடுத்துவிட வேண்டும். எறும்பு விதையை இழுக்காதிருக்க மேடையைச் சுற்றிச் சாம்பல் தூவுக. திடீர் மழைக்கும் கடும் வெயிலுக்கும் பாதுகாப்பாக, நான்கு தடி நட்டுச் சரிவாக ஒரு கிடுகைப் போட்டால் போதும். தக்காளி நாற்று மூன்று நான்கு வாரத்திலும், கத்தரியும் மிளகாயும் நான்கு ஐந்து வாரத்திலும் நடுகைக்கு ஆயத்தமாகும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பே கிடுகை நீக்கி, நீரையும் சிறிது குறைத்துவிட்டால் நாற்று வன்மை பெறும். நிழலிலே வளர்ந்த நாற்று வெளியிலே வாடும். பிள்ளைகளுக்கும் இது பொருந்துமென்று பெரியோர் சொல்லக்கூடும்.

நாற்று வளரும் அம்மாதத்திலே நிலத்தைப் பண்படுத்துவோம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடத்தைத் தெரிந்தெடுக்க வேண்டும். மாமர நிழலிலே கத்தரி காய்க்கவில்லையென்று கத்தரியைக் குறை கூறுதல் நீதியன்று. முதன்முறை தொடங்குவோர்க்கு இருபதடிக்குப் பத்தடி போதும். ஆசையாற் பெரிதாகக் கொத்தி, கார்த்திகையிற் களைக்கு விட்டுவிடுதல் எம்மவரின் பழைய நோய். இரு பக்கமிருந்தும் கை எட்டத்தக்கதாகப் பாத்தி மூன்றரை அடி அகலத்துக்கு மேற்படக் கூடாது. மாரிப் பாத்தி முக்கால் அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும். பாத்திகளுக்கிடையே ஓரடி வாய்க்கால் விட்டு, அதன் சரிவை வாழையடிக்குத் திருப்பி விடுக. கோடையில் நீரைத் தேக்குவதற்கு வரம்பு கட்டுகிறோம். மாரியில் நீரை வெளியேற்றுவதற்குப் பாத்தியை உயர்த்துகிறோம். இந்த வேற்றுமையை மறந்ததே சென்ற ஆண்டு நாம் செய்த தவறு.

எமது முன்னோர் பூவரசங் குழையும் வாதராணிக் குழையும் வெட்டி மண்ணிலே தாழ்த்தினர். வேலியிலிருந்து கழற்றிய பழம் பனையோலையையும் வீணாக்காது புதைத்தனர். இன்றும் வளவுகளிலே கிளிசரியா நிற்கிறது. அதன் குழையை வெட்டி, நடுகைக்கு மூன்று வாரத்துக்கு முன் கொத்திப் புதைத்தால், மழையோடு உக்கிப் பசளையாகும். மேலதிகமாக நான்கடிக்கு நான்கடி நிலத்துக்கு ஒரு கடகம் உக்கிய மாட்டெரு சேர்ப்போமானால் வீட்டுத்தோட்டத்துக்கு அதுவே நல்ல அடிப்பசளை. உக்காத பச்சைச் சாணம் நாற்றின் வேரைச் சுடும். அதனை இடுதல் தகாது.

நவராத்திரிக் காலத்தை ஒட்டி, புரட்டாசிப் பிற்பகுதியில், நேரே நிலத்தில் ஊன்றும் விதைகளை இடலாம். வெண்டி, பயிற்றை, கெக்கரி, புடோல், பாகல், பூசணி ஆகியவை அவ்வகையின. வெண்டி, புடோல், பாகல் விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும். வெண்டிக்கு மூன்றடிக்கு இரண்டடி இடம் விட்டு, குழிக்கு மூன்று விதை ஊன்றி, முளைத்தபின் நல்ல கன்றை விட்டு மற்றதைப் பிடுங்குக. புடோலுக்கும் பாகலுக்கும் பந்தலை முதலிற் போட்ட பின்பே விதையை ஊன்ற வேண்டும். கொடி படர்ந்த பின் பந்தற்கால் தேடி ஓடுவோரை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். புடோற் பிஞ்சின் நுனியிலே சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் காய் வளையாது நேராக வளரும் என்பது எம் அம்மாமார் அறிந்த வித்தை.

கீரை விதையை மணலோடு கலந்து தூவுக. மூன்று நான்கு வாரத்திலே பிடுங்கிச் சமைக்கலாம். ஆயினும் ஒரே நாளில் எல்லாவற்றையும் விதைக்காது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சிறிது சிறிதாக விதைத்து வந்தால், ஒரு பெருமழை ஒரு விதைப்பை அடித்துப் போனாலும் அடுத்தது கைகொடுக்கும்.

ஐப்பசி முற்பகுதி நாற்று நடும் காலம். பெருமழை தொடங்குமுன் இரண்டு வாரமாவது வேர் மண்ணைப் பற்றியிருத்தல் வேண்டும். ஆச்சி கூறியதன் பொருள் இதுதான். மாலை நேரத்திலே, மேடையை நன்றாக நனைத்து, வேர் அறாது கிளப்பி நடுக. கத்தரிக்கு மூன்றடிக்கு இரண்டடி. மிளகாய்க்கு இரண்டடிக்கு ஒன்றரை அடி. தக்காளிக்கும் அவ்வளவே, ஆனால் அதற்குத் தடி நட்டுக் கட்ட வேண்டும். முதல் மூன்று நாளும் ஒவ்வொரு கன்றுக்கும் பூவரசங் கிளை ஒன்றை நிழலாகக் குத்தி விடலாம். இந்நாட்களிலே மழை பிந்தினால் வாளியால் நீர் வார்க்கத் தயங்கலாகாது.

கார்த்திகை காவற் காலம். இப்போது விதைப்பவன் பிந்தியவன். முன்பே விதைத்தவனுக்கு வேலை வடிகாலைப் பார்ப்பதே. வேர் நீரிலே நின்றால் அதற்கு மூச்சு முட்டும், இலை மஞ்சளிக்கும். மழை விட்டதும் வாய்க்காலிற் சேர்ந்த மண்ணை அள்ளிப் பாத்தியின் மேற் போடுக. ஈரப் பாத்தியை மிதித்தல் கூடாது. இரவிலே ஆபிரிக்க நத்தைகள் வந்து இளங் கன்றுகளை அடியோடு தின்னும். அவற்றை மருந்தால் வெல்வதினும் கையால் வெல்லுதல் எளிது. இரவில் விளக்கோடு சென்று, கையிலே பொலித்தீன் பையை மாட்டிப் பொறுக்கி, உப்பு நீரிற் போட வேண்டும். இளைஞர் இருவர் ஒரு வாரம் ஊக்கமாக வேலை செய்தால் வளவில் நத்தை மிகவும் குறைந்து விடும். தோட்டத்திலே கிடக்கும் சிரட்டை, பேணி, கிழிந்த பொலித்தீன் யாவற்றையும் அப்போதே அகற்றுக. கறிக்கென்று செய்த தோட்டம் டெங்கு நுளம்புக்குத் தொட்டிலாகக் கூடாது.

சில ஆண்டுகளிலே நாம் எவ்வளவு முயன்றாலும் வானம் மிஞ்சி விடும். 2008 நவம்பரில் வந்த நிஷா புயலையும், 2020 டிசெம்பரில் வந்த புரெவிப் புயலையும் எவரும் மறக்க முடியாது. உயர்த்திய பாத்தியும் அன்று நீருள் மூழ்கிற்று. அத்தகைய ஆண்டுக்கு மருந்து ஒன்றே: கையிலுள்ள விதை முழுவதையும் ஒருமிக்க விதையாது, மூன்றில் ஒரு பங்கை வீட்டிலே வைத்திருத்தல். வெள்ளம் வடிந்த மறு வாரம் அந்த விதை பொன்னாகும்.

விளக்கீடு கழிந்து மழை தணியும்போது, பனியும் குளிரும் தொடங்கும். அப்போது மலைநாட்டு மரக்கறிகளென்று நாம் எண்ணும் கோவா, பீற்றூட், கரட் ஆகியவையும் எமது செம்மண்ணிலே விளையும். கோவா நாற்றை ஐப்பசிக் கடைசியிற் கிடுகின் கீழ் வளர்த்து, கார்த்திகைக் கடைசியில் நடுக. கரட்டையும் பீற்றூட்டையும் இடத்திலேயே விதைக்க வேண்டும். இவை வெயில் ஏறுமுன் முற்ற வேண்டியவை. ஆதலால் இங்கேயும் நாளே பெரிது. தை பிறந்தபின் பாத்தியை வைக்கோலாலும் சருகாலும் மூடி விட்டால், மாரியின் ஈரம் பல நாள் நிற்கும். கிணற்று நீரும் மிச்சமாகும்.

இனி, பின்னர்க் கூறுவோம் என்று விட்டுவந்த மூன்றாவது பிழைக்கு வருவோம். நாம் யூரியாவை எறிந்த இடத்திலிருந்து சங்கக் கிணறு முப்பதடி தூரந்தான். யூரியா மண்ணிலே நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்று நீரிலே முற்றாகக் கரையும். மண் அதனைப் பிடித்து வைத்திருப்பதில்லை. பயிரின் வேர் உண்ணாதது மழையோடு இறங்குகிறது. எமது நிலத்தின் கீழே இருப்பது வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக் கல். அதிலே இறங்கியது கிணற்றுக்கே வரும். வேர் பற்றாத நாற்றுக்கு மழைக்கு முன் கைநிறையப் போட்ட பசளையிலே பயிருக்குப் போனது எவ்வளவு, நாம் பிற்பகலில் தேநீராகக் குடித்தது எவ்வளவு என்று இன்று எண்ணிப் பார்க்கிறோம்.

குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்நீரிலே பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் உயிர்வளியை ஏந்தும் வலுவை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று நீங்காது. யாழ்ப்பாணத்துத் தோட்டப் பகுதிகளிலே பல கிணறுகள் இவ்வரம்பைத் தாண்டியுள்ளமையை 1980 ஆம் ஆண்டுகளிலிருந்தே ஆய்வாளர் எடுத்துக்காட்டி வந்துள்ளனர். செயற்கைப் பசளையை அடியோடு வெறுக்க வேண்டுமென்று நாம் கூறவில்லை. விற்பனைக்குப் பயிரிடும் கமக்காரரின் நிலை வேறு. அவருக்கு அளவும் ஆலோசனையும் வேண்டும். ஆனால் இருபதடி வீட்டுத்தோட்டத்துக்கு, அதுவும் பெருமழைக் காலத்தில், பசளைப் பை தேவையே இல்லை. குழையும் எருவும் மெல்ல மெல்லவே சத்தைக் கொடுக்கும். ஆதலின் மழை ஒரே நாளில் அதனைக் கழுவிச் செல்ல மாட்டாது.

பெரியோர்களே! இவ்விடத்தில் உங்களை நோக்கி ஒரு வேண்டுகோள். 1990 ஆம் ஆண்டுகளிலே, பொருளாதாரத் தடையால் எரிபொருளும் பசளையும் இங்கே வருவது அரிதாயிருந்த காலத்தில், வளவிலிருந்த முருங்கையும் மரவள்ளியும் கீரையும் எத்தனை வீடுகளைக் காப்பாற்றின என்பதை நீங்கள் அறிவீர்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலே தடை நீக்கப்பட்டது. மறு ஆண்டு எரிபொருளும் உணவும் அரிதான வேளையில், 2022 ஜூனில், அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்தற்கென வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவிக்கப்பட்டது. அப்போது இளைஞர் பலர் விதை தேடி அலைந்தனர். நிலம் இருந்தது, ஓய்வும் கிடைத்தது, ஊர் விதை இல்லை, எந்த விதையை எப்போது போடுவது என்ற அறிவும் இல்லை. அவ்வறிவு அண்டை வீட்டுத் திண்ணையிலே ஆச்சியிடம் இருந்தது. நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடையில் வாங்கும் கலப்பின விதை முதல் ஆண்டு நன்கு காய்க்கும்; ஆனால் அதன் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போல வராது. ஊர்க் கத்தரியும் ஊர்ப் பயிற்றையும் அப்படியல்ல. நடுப்பருவத்தில், நோயற்ற நல்ல செடியிலே ஒரு காயை விதைக்கென்று நூல் கட்டி அடையாளமிட்டு விடுக. கத்தரி நன்றாகப் பழுத்து மஞ்சளித்தபின் விதையைப் பிரித்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் இட்டு இறுக மூடி வைக்கலாம். அடுத்த புரட்டாசிக்குமுன் பத்து விதையை ஈரத்துணியிலே முடிந்து வைத்துப் பார்க்க வேண்டும். ஏழு எட்டு முளைத்தால் விதை நல்லது. மூன்று நான்கு முளைத்தால் வேறு விதை தேட இன்னும் நாள் இருக்கிறது.

ஆகவே சங்கத்தின் முன் சிறியதொரு திட்டத்தை வைக்கிறோம். வரும் ஆவணி முடிவதற்குள் ஒவ்வோர் உறுப்பினரும் தம் வீட்டிலோ அயலிலோ உள்ள ஊர் விதை ஒன்றைக் கொண்டுவந்து, அதனைக் காத்துவந்தவரிடம் கேட்டு, விதைக்கும் நாளையும் முறையையும் ஒரு தாளிலே எழுதி, விதையோடு சங்கத்தில் ஒப்படைக்க வேண்டும். புரட்டாசி பிறந்ததும் விதை பகிர்ந்தளிக்கப்படும். பெற்றவர் தைப்பொங்கலுக்குப்பின் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். இதற்குப் பணம் வேண்டியதில்லை; கூட்டத் தீர்மானமும் வேண்டியதில்லை; ஓர் அலுமாரித் தட்டும் சில போத்தல்களும் போதும். முதல் விதையைத் தருவதற்கு வேலிக்கு அப்பாலுள்ள அந்த ஆச்சி இசைந்துள்ளார். அது வரிக் கத்தரி விதை. "தாறன், ஆனால் மழைக்கு முன்னம் போடுவினம் எண்டு சொல்லுங்கோ" என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை.

அந்த நிபந்தனையை இச்சபை முன்னிலையில் நாம் ஏற்றுக்கொள்கிறோம். தைப்பொங்கல் அன்று பொங்கற் பானையருகே வைக்கும் காய்கறிகளில் ஒன்றாவது எம் கையால் விளைந்ததாக இருக்கட்டும். அதை நனைத்த நீர் வானத்திலிருந்து வந்ததாகவும், எமது கிணற்று நீர் எம் குழந்தைகள் அச்சமின்றிக் குடிக்கத்தக்கதாகவும் இருக்கட்டும்.